இரண்டு கட்டைகள்

புதன் மாலை ஆறு மணி வகுப்பு.
பத்து வாரப் பணம் முன்பே கட்டியாயிற்று.
ஐந்து ஐம்பதுக்கு நான்
எதிர்ச்சாரிக் காப்பிக்கடையில்,
மடியில் உடற்பயிற்சிப் பை,
கையில் சர்க்கரையில் புரட்டிய டோனட்.

காரணம் என்று ஒன்றுமில்லை.
தலைவலி இல்லை, டிராம் நேரத்துக்கு வந்தது.
தம்பெரேயில் டிசம்பர், மூன்றரைக்கே இருட்டு.
அவ்வளவு இருட்டைத் தாண்டி வந்தபின்
குனிந்து நிமிர மனசு வரவில்லை.

ரத்து செய்ய போனில் ஒரு பொத்தான் உண்டு.
ஆறு மணி நேரம் முன்னால் அழுத்தினால் பணம் திரும்பும்,
பிந்தினால் திரும்பாது.
திரும்பாத பணத்துக்கு எதற்குப் பொத்தான் என்று
விரலை மடக்கிக்கொண்டேன்.
கொடுத்தது என் காசு,
போகாதது என் உடம்பு,
இதில் மூன்றாம் ஆளுக்கு என்ன நஷ்டம்?
கணக்கு சரியாகத்தான் இருந்தது
டோனட் பாதி தீரும்வரை.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம்
சிர்க்கு பாய் விரித்துக்கொண்டே வந்தாள்.
கடைசிப் பாய், தூணோரம், என்னுடையது.
எல்லோருக்கும் தலைமாட்டில் ஒரு கட்டை.
என் இடுப்பின் கதை அவளுக்குத் தெரியும்,
எனக்கு இரண்டு.
இரண்டையும் வைத்தாள்.
சுருண்ட விளிம்பைப் பாதத்தால் நீவிவிட்டாள்.
இலை போட்டுத் தண்ணீரும் தெளித்த பந்தியைத்
தெருவிலிருந்து பார்ப்பது போலிருந்தது.

'சிர்க்கு, திடீர்க் காய்ச்சல்' என்று தட்டினேன். அழித்தேன்.
'ஆபீசில் மாட்டிக்கொண்டேன்' –
திரையெல்லாம் சர்க்கரை. அழித்தேன்.
'வரப் பிடிக்கவில்லை'
என்பது உண்மை.
அதை யாருக்கு அனுப்புவது, பாய்க்கா?

அப்போதுதான் அவரைப் பார்த்தேன்.
பஸ் ஓட்டுநரின் நீலக் கோட்டு,
கக்கத்தில் சுருட்டிய துண்டு,
பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு
நடையிலேயே நின்றிருந்தார்.
யாராவது வராவிட்டால் என்று வந்தவர்.

அங்கே சட்டம் இரண்டு.
பத்து நிமிடம் வரை, கட்டியவருக்கே இடம்.
பத்து நிமிடத்துக்குப் பின், யாருக்கும் கதவில்லை.
இரண்டுக்கும் நடுவில் நின்றார் மனிதர்.
சிர்க்கு கடிகாரத்தைப் பார்த்தாள்,
போனைப் பார்த்தாள்,
தெருவைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.
ஆறு பத்துக்கு
மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.
அவர் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாகப்
பூட்ஸ் கயிற்றைக் கட்டினார்.

நேரே இங்கேதான் வந்தார்.
வேறெங்கே போவார், இந்தப் பனியில்?
பக்கத்து மேசை, கறுப்புக் காப்பி.
என் பையைப் பார்த்தார்:
"உங்களுக்கும் இடம் கிடைக்கவில்லையா?"

"இல்லை" என்றேன்.
இலக்கணப்படி பொய்கூட இல்லை அது.

"யாரோ ஒரு பெண் வரவில்லையாம்,
சொல்லாமல் நின்றுவிடுகிறவள் இல்லையாம்.
வழியில் எங்காவது வழுக்கி விழுந்திருந்தால்..."
கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்,
சர்க்கரையே போடாத காப்பியில்.

மேசைக்கடியில் பொத்தானை அழுத்தினேன்.
'நேரம் கடந்துவிட்டது' என்றது போன்,
வழக்கமான பணிவோடு.

அடுத்த புதன் ஐந்தே முக்காலுக்கே போனேன்.
சிர்க்கு ஒன்றும் கேட்கவில்லை.
இரண்டு கட்டைகள் வைத்தாள்.
பக்கத்துப் பாயில் அவர், பெயர் தௌனோ,
முகம் மலர்ந்து,
எல்லோருக்கும் கேட்கும்படி:
"அட, உங்களுக்கும் கிடைத்துவிட்டதே இடம்!"

கட்டையை நகர்த்திக்கொண்டிருந்த சிர்க்குவின் கை
ஒரு கணம் நின்றது.
பிறகு நகர்த்தியது.

மல்லாந்து படுத்தோம்.
மூச்சை உள்ளே இழுங்கள், என்றாள்.
இப்போது விடுங்கள்.
எல்லோரும் விட்டார்கள்.